மழை நாள் வேலை



சென்ற வாரம் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு எழுந்தது. தேர்ச்சி அறிக்கை நாளுக்கு வராத பெற்றோரின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இளைய ஆசிரியை ஒருவர் நொந்துகொண்டிருந்தார். "ஆண்டுக்கு இரண்டு முறை வந்து எட்டிப் பார்க்கக்கூட இவர்களுக்கு நேரமில்லையா, டீச்சர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என்னிடமிருந்து ஒரு 'ஆமாம்' வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். எனக்கோ வாய் எழவில்லை. வெளியே நல்ல மழை. எனக்கு வேறொரு மழை நினைவுக்கு வந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம். கோலாலம்பூர் கோல்ப் மற்றும் கண்ட்ரி கிளப்பில் மேபேங்க் மலேசியப் பொதுக் கோல்ப் போட்டி நடைபெற்றது. 21ஆம் தேதி வியாழன் முதல் 24ஆம் தேதி ஞாயிறு வரை நான்கு நாள்கள். ஐரோப்பியச் சுற்றும் ஆசியச் சுற்றும் இணைந்து நடத்திய போட்டி அது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தியின் கணவருக்குக் கோல்ப் பித்து. போட்டிக்குத் தொண்டூழியர்கள் தேவைப்படுகிறார்கள் என்று அவர்தாம் செய்தி கொண்டு வந்தார். சம்பளம் கிடையாது. சட்டை, தொப்பி, மழைச் சட்டை, சாப்பாட்டுச் சீட்டு, முடிவில் ஒரு சான்றிதழ். சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதும் ஆசிரியர்களாகிய நமக்கு என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை! கோப்பில் வைக்க ஒரு தாள் கிடைக்கிறதே என்று நானும் பெயர் கொடுத்தேன். கோல்ப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பந்து, ஒரு குழி, இரண்டுக்கும் இடையே வெகுதூரம் என்பது மட்டுமே.

தொண்டூழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். விளையாட்டாளர் பந்தை அடிக்க நிற்கும்போது இரு கைகளையும் உயர்த்த வேண்டும். அமைதி காக்கச் சொல்லும் பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கயிற்றுக்கு அப்பால் யாரும் நடமாடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கண் ஆட்டத்தின் மீது இருக்கக்கூடாது. கூட்டத்தின் மீதே இருக்க வேண்டும். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருக்க, நான் நான்கு நாளும் பார்வையாளர் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகள் கரும்பலகைக்கு முதுகு காட்டி நின்றவளுக்கு இதில் பயிற்சி எதற்கு என்று தோழியிடம் சொல்லிச் சிரித்தேன். ஒரு பார்வை பார்த்தேன் என்றால் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுவார்கள். 'இந்த அம்மாள் நிச்சயம் ஆசிரியையாகத்தான் இருக்க வேண்டும்' என்று ஒரு சீனப் பெரியவர் தம் மனைவியிடம் மலாயில் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

அபாயச் சங்கைப் பற்றியும் சொல்லிக் கொடுத்தார்கள். நீளமாக ஒரே ஒரு முறை ஒலித்தால் மின்னல் அபாயம். அந்தக் கணமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு சாண்தான் என்றாலும் அடிக்கக் கூடாது. குறுகலாக மூன்று முறை ஒலித்தால் சாதாரண நிறுத்தம். ஆடிக்கொண்டிருக்கும் குழியை முடித்துவிட்டு நிறுத்தலாம். குறுகலாக இரண்டு முறை என்றால் மீண்டும் தொடங்கலாம். நம் பள்ளி மணியைவிட ஒழுங்கான ஏற்பாடு.

அந்தச் சங்கு அந்த நான்கு நாளில் படாத பாடு பட்டது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் மேகம் மலைபோல் எழும்பி, மூன்று, நான்கு மணிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பக்கத்துச் சுபாங் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள்கள் இடி இடிக்கிறது என்று வானிலைப் பதிவுகள் சொல்கின்றன. உலகில் மிக அதிகமாக இடி இடிக்கும் இடங்களுள் நாம் வாழும் இடமும் ஒன்று. இந்த ஊரில், உயரமான மரங்களுக்கு நடுவே, கையில் இரும்புக் கம்பியோடு ஆடும் ஓர் ஆட்டத்தை, அதுவும் மதிய நேரத்தில் வைத்திருக்கிறார்களே என்று நான் வியந்தது உண்டு. கடைசியில் நான்கு சுற்றுகள் மூன்றாகக் குறைக்கப்பட்டன. 72 குழிப் போட்டி 54 குழிப் போட்டியாக முடிந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த கிராடெக் அபிபர்ன்ராட் ஒரே ஓர் அடி வேறுபாட்டில் இத்தாலியின் எடோர்டோ மோலினாரியை வென்றார். இது செய்தித்தாளில் வந்தது. நான் எழுத வந்தது வராதது.

பள்ளி நாள்களில் ஒரு மணிக்கு வகுப்பு முடிந்ததும் நேரே மைதானத்துக்கு ஓடுவேன். அப்போது எனக்கு ஐந்தாம் ஆண்டு வகுப்பு. அந்த வாரம் மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் திருத்தாமல் கிடந்தன. தலைப்பு, 'என் தந்தையின் தொழில்'. ஒரு வாரப் பள்ளி விடுமுறையும் அடுத்தே வந்ததால், 31 கட்டுரை நூல்களையும் துணிப்பையில் போட்டுக் காரில் வைத்திருந்தேன்.

ஒரு நாள் மாலை மூன்று மணியிருக்கும். மேற்கே வானம் கறுத்தது. நான் அமைதிப் பலகையை உயர்த்திப் பிடித்திருந்தபோது சங்கு ஒலித்தது. நீளமாக, ஒரே முறை. விளையாட்டாளர்கள் பந்து கிடந்த இடத்தை அடையாளமிட்டுவிட்டுச் சிறு வேன்களில் ஏறிப் போனார்கள். பார்வையாளர்களைக் கூடாரங்களுக்கும் பேருந்துகளுக்கும் அனுப்பி வைத்துவிட்டு நாங்கள் எங்கள் கூடாரத்துக்கு ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் அப்படி ஒரு மழை! கண்ணெதிரே புல்வெளி ஏரியாயிற்று. மணற்குழிகளின் ஓரத்து மணல் சரிந்து, செந்நீரோடு கலந்து, குழியின் அடியில் குளமாகத் தேங்கியது. கயிறு கட்டிய கம்புகள் சாய்ந்து விழுந்தன.

காத்திருந்தோம். போட்டி வேலையில் பாதி காத்திருத்தல்தான். சிலர் தூங்கினார்கள், சிலர் மூன்றாவது சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கல்லூரி மாணவர்கள் சீட்டாடினார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடி, துணிப்பையை எடுத்து வந்து, சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

என் வகுப்புத் தந்தையர் லாரி ஓட்டினார்கள், பாதுகாவலராக நின்றார்கள், தொழிற்சாலையில் மூன்று நேர மாற்று வேலை பார்த்தார்கள். ஒருவர் பிள்ளையின் வாக்குப்படி 'வீட்டில் தூங்கும் தொழில்' செய்தார். பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ நூல், கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பையனுடையது. கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். முதல் பாடவேளையில் தூங்கி வழிவான். ஏன் என்று கேட்டால் பதில் வராது. பள்ளிக் காவலர் வாயிற்கதவைத் திறப்பதற்கு முன்பே, இருட்டோடு இருட்டாக, அவன் தந்தை அவனை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவாராம். தேர்ச்சி அறிக்கை நாளில் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. தாயில்லாப் பிள்ளை, வர வேண்டியவர் அவர் ஒருவர்தான். அவனது அறிக்கை அட்டையில் 'பெற்றோர் பிள்ளையின் கல்வியில் அக்கறை காட்ட வேண்டும்' என்று என் கையால் எழுதியிருந்தேன். மறுநாள் அதன் கீழ் ஒரு கோணல் கையொப்பத்தோடு அட்டை திரும்பி வந்தது.

கட்டுரையில் அவன் எழுதியிருந்தான்: 'என் அப்பா புல்லில் வேலை செய்கிறார். மழை பெய்தால் அவர் வேலைக்குப் போவார்.'

முதல் வாக்கியத்தைத் திருத்தினேன். 'புல் வெட்டும் வேலை செய்கிறார்' என்று எழுதினேன். நகராண்மைக் கழகத்துக் குத்தகையில் சாலையோரம் புல் வெட்டுபவராக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பள்ளிப் பதிவில் 'பொதுத் தொழிலாளி' என்றுதான் இருந்தது. இரண்டாம் வாக்கியத்தில் 'போவார்' என்பதை அடித்துவிட்டு மேலே 'போகமாட்டார்' என்று எழுதினேன். கருத்துப் பிழை. ஓரத்தில், 'சிந்தித்து எழுதுக' என்றும் எழுதி அடிக்கோடு போட்டேன்.

அந்த வாக்கியம் பிழை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஏன் என்று சொல்கிறேன். நான் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா பால்மரம் வெட்டினார். விடியற்காலை நான்கு மணிக்குத் தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் எனக்கும் தம்பிக்கும் கொண்டாட்டம். மரம் நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் ஓடி மங்கில் இறங்காது; பட்டையெல்லாம் பரவி வழிந்து வீணாகிவிடும். ஆகவே பெரட்டுக் களத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். அம்மா வீட்டில் இருப்பார். மரவள்ளிக் கிழங்கு அவிப்பார். அவர் முகம் ஏன் அன்றைக்கு இருண்டிருந்தது என்பது, வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை என்பது புரிந்த வயதில்தான் எனக்குப் புரிந்தது. மழை பெய்தால் வேலையில்லை. இது நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கற்ற பாடம். கோல்ப் மைதானத்தில், மழையால் ஆட்டம் நின்றுபோன கூடாரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பாடத்தைத்தான் பையனின் நூலில் சிவப்பு மையில் எழுதினேன்.

அன்று ஆட்டம் மீண்டும் தொடங்கவில்லை. மறுநாள் விடியலில் மிச்சத்தை ஆட வேண்டும் என்பதால் எங்களில் சிலரை ஐந்தரை மணிக்கே வரச் சொன்னார்கள். விழுந்த கம்புகளை நட்டுக் கயிறு கட்ட ஆள் வேண்டுமாம்.

மார்ச் மாதத்தில் கோலாலம்பூரில் ஏழேகாலுக்குத்தான் பொழுது விடியும். ஐந்தரை மணிக்குக் கும்மிருட்டு. எனக்குக் கொடுத்த இடத்துக்கு நடந்து போனபோது, புல்வெளியெங்கும் சிறு சிறு விளக்குகள் அசைவதைப் பார்த்தேன். மின்மினிக் கூட்டம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இயந்திர இரைச்சல் காதைப் பிளந்தது. நெற்றியில் விளக்குக் கட்டிய ஆள்கள். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் குழாயை மணற்குழியில் இறக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். சரிந்த மணலை மண்வெட்டியால் அள்ளிக் குழியின் சுவர்மேல் மீண்டும் ஏற்றி, மண்வெட்டியின் முதுகால் தட்டி இறுக்கினார்கள். செம்மண் கலந்த மணலைத் தனியே வாளியில் எடுத்துப் போட்டார்கள். வங்காளதேசத்துப் பேச்சும், இந்தோனேசியப் பேச்சும், நடுவே நம் தமிழும் கேட்டன.

கொடி நடும் பகுதியைக் கிரீன் என்பார்கள். அங்கே ஐந்தாறு பேர், நீண்ட கைப்பிடியில் அகலமான ரப்பர் பட்டை வைத்த தள்ளுகட்டையால் நீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மண்டியிட்டு, பஞ்சைக் குழிக்குள் விட்டு நனைத்துப் பிழிந்து, நனைத்துப் பிழிந்து, அந்தச் சிறு குழியின் நீரை வெளியேற்றிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் உலகமே பார்க்கும் குழி அது.

"டீச்சர், அங்க கால் வைக்காதீங்க. தண்ணி நிக்கிது."

பஞ்சோடு நிமிர்ந்தவர்தான் சொன்னார். எனக்கு அவரைத் தெரியவில்லை. தெரியாததில் வியப்பில்லை, நான் அவரைப் பார்த்த சில தடவையும் தலைக்கவசத்தோடுதான் பார்த்திருக்கிறேன். அவரே பையனின் பெயரைச் சொல்லி, "அவன் அப்பா, டீச்சர்" என்றார்.

"இங்கேயா வேலை செய்றீங்க, அண்ணே?"

"பதினோரு வருஷமாச்சு, டீச்சர். நீங்க இந்த நேரத்துல இங்க…?"

சான்றிதழுக்காக வந்தேன் என்று எப்படிச் சொல்வது? கயிறு கட்ட வந்தேன் என்றேன். எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். நேற்று மழை விட்டதும் இறங்கியவர்கள் இருட்டும் வரை வேலை செய்துவிட்டு, மீண்டும் நான்கு மணிக்கு இறங்கியிருக்கிறார்கள். பையனைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறாராம்.

"வெயில்னா ஆளுக்கு ஒரு மெஷின், புல்லு வெட்டிட்டு நேரத்துக்குப் போயிடலாம், டீச்சர். மழ பேஞ்சாத்தான் எங்களுக்கு வேல."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குறைப்பட்டுக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டுப் பஞ்சைப் பிழியக் குனிந்துவிட்டார். எனக்குக் காரின் பின்னிருக்கையில் கிடக்கும் துணிப்பை நினைவுக்கு வந்தது. 'சிந்தித்து எழுதுக.'

நான் சற்று நேரம் அங்கேயே நின்றேன். பிறகு என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, சும்மா சாய்த்து வைத்திருந்த ஒரு தள்ளுகட்டையை எடுத்து நீரைத் தள்ள ஆரம்பித்தேன். மூன்று தள்ளு தள்ளியதும், தள்ளிய நீரெல்லாம் என் காலடிக்கே திரும்பி வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "மேட்டுக்குத் தள்றீங்க, டீச்சர். பாக்க சமமாத் தெரியும். ஆனா எல்லா கிரீனும் ஏதோ ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். கால்ல பாருங்க, தெரியும்" என்றார். கண்ணால் பார்த்துப் புரியாதது, நின்று பார்த்தால் உள்ளங்காலில் புரிந்தது. எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமாக, சிறு சிறு தள்ளாக, விளிம்பு வரை கொண்டுபோய்க் கீழே இறக்கிவிட வேண்டும். குழியைக் கடந்து தள்ளக் கூடாது. அழுத்தித் தள்ளினால் புல்லின் வேர் நோகும். ஏறக்குறைய இருபது நிமிடம் தள்ளினேன். அதற்குள் தொண்டூழியர் பொறுப்பாளர் வந்து, அது என் வேலை இல்லை என்று பணிவாகச் சொல்லிக் கயிற்றுப் பக்கம் அனுப்பி வைத்தார். உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள்.

கம்பு நட்டுக்கொண்டே அவரைக் கவனித்தேன். எந்த இடத்தில் நீர் மேலே தெரியாமல் அடியில் நிற்கிறது என்பதைக் காலால் அழுத்தியே கண்டுபிடித்தார். கையில் கம்பியில்லாத் தொடர்பு வானொலியோடு வந்த மேலாளர், இந்தக் குழி எப்போது ஆயத்தமாகும் என்று கேட்டார். "எம்பாட் புலூ மினிட், துவான்" என்றார் இவர். நாற்பது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஐயம்தான் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுவர் ஒருவர் வந்து, காலணியால் அங்கங்கே அழுத்திப் பார்த்து, ஒரு பந்தை உருட்டிப் பார்த்துத் தலையசைத்தபோது முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

இருட்டு கலைந்ததும் மைதானத்துக்கு அப்பால் புக்கிட் கியாரா குன்று தெரிந்தது. அந்தக் குன்று முன்பு ரப்பர்த் தோட்டம். அரசு நிலத்தை எடுத்துக்கொண்டபின் அங்கிருந்த நம்மவர் குடும்பங்கள் 1980களில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கத்து நெடுவீடுகளுக்கு மாற்றப்பட்டதையும், நிலையான வீட்டுக்காக அவர்கள் பல பத்தாண்டுகள் காத்துக் கிடந்ததையும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். குன்றின் சரிவில் பழைய பால்மரங்கள் இன்னும் காட்டு மரங்களோடு நிற்கின்றன. மங்கு கட்ட ஆளில்லை. எனக்கு மரத்தைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, 'நேற்றைய மழைக்கு இன்று வெட்டு இருக்காது' என்பதுதான். பழக்கம் அவ்வளவு எளிதில் போகிறதா?

இரண்டு குறுகிய சங்கொலி கேட்டது. விளையாட்டாளர்கள் வந்தார்கள். பின்னாலேயே கூட்டமும் வந்தது. வெயிலில் புல்வெளி பளபளவென்று இருந்தது. தள்ளுகட்டைக்காரர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் கண்ணில் படாமல் விலகிவிட வேண்டும் என்பதும் அவர்கள் வேலையில் ஒன்று போலும். எனக்கு எதிரே கயிற்றில் சாய்ந்து நின்ற ஒருவர், "நேற்று மழை அவ்வளவு பெரிதாக இல்லை போலிருக்கிறதே" என்று நண்பரிடம் சொன்னார். நான் அமைதிப் பலகையை உயர்த்தினேன். உண்மையில் அந்த நேரத்தில் யாரும் பந்தை அடிக்கவில்லை.

இதற்குப் பிறகு கோல்ப் போட்டி மழையில் நின்றது என்று எங்கே படித்தாலும் என் கண் அங்கே நின்றுவிடுகிறது. 2016இல் சிங்கப்பூர் செந்தோசாவில் நடந்த பொதுப் போட்டி இடிமின்னலால் ஞாயிற்றுக்கிழமை முடியாமல் திங்கள் காலைக்குத் தள்ளிப் போயிற்று. அப்போது உலகின் முதல் நிலையில் இருந்த ஜோர்டன் ஸ்பீத்தைக் கொரியாவின் சோங் யோங்-ஹான் ஓர் அடியில் வென்றார். சோங் அந்த இரவு எப்படித் தூங்கினார் என்பதைப் பற்றி எழுதினார்கள். எனக்கு அந்த இரவில் மணற்குழியில் நின்றவர்களின் கணக்குத்தான் ஓடியது.

நிற்க. நூலுக்கு வருகிறேன்.

அன்று பிற்பகல் வேலை முடிந்ததும் காரில் உட்கார்ந்து அந்த நூலை எடுத்தேன். வெள்ளை மையைப் பூசி மறைத்துவிடலாமா என்று தோன்றியது. பூசியும் பார்த்தேன். சிவப்பு அடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஊறி மேலே வந்தது. முன்பைவிட அசிங்கமாகிவிட்டது. பிறகு 'சிந்தித்து எழுதுக' என்பதை ஒரே கோட்டால் அடித்தேன். 'போவார்' என்பதன்மேல் நான் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதினேன். முதல் வாக்கியத்தையும் திரும்பப் படித்தேன். 'புல்லில் வேலை செய்கிறார்.' அதற்கும் 'சரி' போட்டேன். புல் வெட்டுவது மட்டுமா அவர் வேலை? அவனுக்குச் சொல் தெரியாமல் எழுதிய வாக்கியமன்று அது. எனக்குத்தான் அதற்குச் சொல் தெரிந்திருக்கவில்லை.

விடுமுறை முடிந்து நூல்களைக் கொடுத்தபோது அவன் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை மையை நகத்தால் சுரண்டினான். என் வகுப்பில் ஒரு விதி உண்டு: பிழை ஒவ்வொன்றையும் மூன்று முறை திருத்தி எழுத வேண்டும். அவன் நூலோடு என் மேசைக்கு வந்து, "டீச்சர், இதுல எத மூணு தடவ எழுதணும்?" என்று கேட்டான்.

"ஒன்றையும் எழுத வேண்டாம். டீச்சர்தான் தப்பாகத் திருத்திவிட்டேன். உன் அப்பாவைப் பார்த்தேன்" என்றேன்.

"தெரியும், டீச்சர். அப்பா சொன்னாரு. நீங்க தண்ணிய மேட்டுக்குத் தள்ளுனீங்களாம்."

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். நான் அவன் பல்லை அன்றுதான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

அவ்வாண்டு நடுப்பகுதித் தேர்ச்சி அறிக்கை நாளுக்கு முந்தைய இரவும் மழை பெய்தது. காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை பெற்றோர் வந்து போனார்கள். அவர் பெயருக்கு எதிரே கட்டம் வெறுமையாகவே இருந்தது. முன்பென்றால் சிவப்புப் பேனாவைத் திறந்திருப்பேன். அன்று பதிவேட்டில் எண்ணைத் தேடிக் கைப்பேசியில் அழைத்தேன். பின்னணியில் இயந்திர இரைச்சல். வேலை முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, நான் இருக்கிறேன் என்றேன். இதற்காகத் துணைத் தலைமையாசிரியரிடம் வகுப்பறைச் சாவியைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது; அது ஒரு தனிக் கதை, வேண்டாம்.

மூன்று மணிக்குப் பையனோடு வந்தார். ரப்பர்க் காலணியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, ஈரக் காலுறையோடு உள்ளே வந்து, சின்ன நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தரையில் காலடித் தடம் விழுந்ததற்காக இருமுறை மன்னிப்புக் கேட்டார். கணிதம் 71, தமிழ்மொழி 58 என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தமிழ்மொழிக்குத் தலையைச் சொறிந்து பையனைப் பார்த்தார். அட்டையில் நான் முன்பு எழுதியிருந்த வரி, அவருடைய கோணல் கையொப்பத்துக்கு மேலே அப்படியே இருந்தது. அதை அடிக்க எனக்கு உரிமை இல்லை. அது பள்ளி ஆவணம். "அண்ணே, இதை நான் தெரியாமல் எழுதிவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் அதை விரலால் தொட்டு மெல்லப் படித்தார். படித்துவிட்டு, "இருக்கட்டும், டீச்சர்" என்றார்.

இந்த ஆண்டுக்குரிய கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நான் தமிழ்மொழிக்கு என்னென்ன பயிற்சி செய்யலாம் என்று விளக்கத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவரின் பார்வை என்னைத் தாண்டிச் சன்னலுக்குப் போயிற்று. வெளியே நல்ல வெயில். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நாலு மணிக்குள்ள வந்துடும், டீச்சர்" என்று எழுந்தார். "நான் கெளம்புறேன். பையன் இங்கயே கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?"

இருக்கட்டும் என்றேன். மூன்று ஐம்பதுக்கு முதல் துளி விழுந்தது.